கைக்கும் காதுக்கும் இடையே

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் கிதாருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவரவர் தொழிலில் அவரவரை யோசிக்க வைக்கும் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று அமைப்பாளர்கள் உரிமை தந்தார்கள். நான் கிதார் சொல்லிக்கொடுப்பவன். மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் என்னிடம் கற்க வரும் இளைஞர்கள், ஓரிரு ஆண்டுகள் ஆனதும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எஃபெக்ட்ஸ் ரேக் ஒன்று சேர்த்துக்கொள்ளட்டுமா, அல்லது நல்ல ஆம்ப் ஒன்று இருந்தால் போதுமா?" கேட்பது பையன், பணம் தருவது பெரும்பாலும் அவனுடைய தந்தையின் சேமிப்பு. ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியாது. அந்தப் பதிலை இன்று உங்கள் முன்னிலையில் சற்று விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இந்த இரண்டும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மின்கிதாரின் கம்பி அதிர்வது தானாக வெளியே அதிகம் கேட்காது. கம்பிகளுக்குக் கீழே பிக்-அப் என்னும் காந்தச் சுருள் இருக்கிறது. அது அதிர்வை மின்னோட்டமாக்குகிறது. அதைப் பெருக்கி ஒலியாக்கித் தரும் பெட்டியே ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். ஒரு பெட்டி, ஒரு கம்பிவடம், மூன்று நான்கு திருகுகள், அவ்வளவுதான்.

ரேக் என்பது வேறு. 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டம். ஒன்றே முக்கால் அங்குல உயரத்தை ஓர் அலகாகக் கொண்டு அதில் தட்டுத் தட்டாகக் கருவிகளைப் பொருத்துவார்கள். தொலைபேசி நிலையங்களில் பிறந்த சட்டம் அது. வானொலி நிலையங்களுக்குச் சென்று, பிறகு ஒலிப்பதிவுக் கூடங்களில் குடியேறியது. 1980களில் கிதார் கலைஞர்கள் அதை மேடைக்கே கொண்டுவந்தார்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய ஒரு கருவி, எதிரொலிக்கு ஒன்று, மண்டபத்தின் முழக்கத்தைப் போலச் செய்ய ஒன்று, ஒரு கிதாரை இரண்டாகக் காட்ட ஒன்று என்று அடுக்கு வளரும். இன்று அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி காலடியில் வைக்கும் ஒரு பலகையாகவும் கணினி மென்பொருளாகவும் சுருங்கிவிட்டது. சட்டம் சுருங்கினாலும் கேள்வி சுருங்கவில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய எனக்கு, உங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு நூல்தான் கைகொடுத்தது. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில், கோவலனைப் பிரிந்த மாதவி நிலாமுற்றத்தில் அமர்ந்து யாழை எடுக்கிறாள். இளங்கோவடிகள் அவளுடைய வலக்கை எங்கே இருந்தது, இடக்கை விரல்கள் எங்கே தழுவின என்பதை முதலில் சொல்கிறார். அதன் பின்னரே, நரம்பிசையில் நேரக்கூடிய நான்கு பகைகளை அவள் நீக்க அறிந்தவள் என்கிறார். செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்பவை அந்த நான்கு. உரையாசிரியர்கள் இவற்றை விளக்குகிறார்கள். பண்ணோடு இசையாத இனிமையற்ற ஓசை செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. வாய்விட்டு ஒலிக்காமல் மழுங்குவது கூடம். நரம்பைச் சிதற உந்துவதால் இழுமென்னும் ஓசை கெடுவது அதிர்வு. மின்சாரம் அறியாத காலத்துப் பட்டியல் இது. ஆனால் இன்று ஒரு மேடையில் நின்று கிதாரின் ஒலியைச் சோதிப்பவன் தேடுவதும் இந்த நான்கையேதான்.

செம்பகையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாக அலைவது. மின் இணைப்புள்ள பல கருவிகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டால், நில இணைப்புகள் வளையமாகி, 50, 100 என்னும் அதிர்வெண்களில் ஒரு ரீங்காரம் புகுந்துகொள்ளும். ஒன்றாம் கட்டைச் சுருதிக்கு மந்தர பஞ்சமம் ஏறத்தாழ 98. கிதாரில் ஆறாம் கம்பியின் மூன்றாம் மெட்டில் பிறக்கும் ஸ்வரம் அது. தம்புரா 98இல் பஞ்சமம் பேச, பெட்டிகள் 100இல் முனகினால், இரண்டும் மோதி நொடிக்கு இரண்டு முறை அலையடிக்கும். பாடுபவருக்குச் சுருதி ஏன் நிற்கவில்லை என்று புரியாது. கல்யாண மண்டபத்தில் அலங்கார விளக்குகளோடு மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது இந்தத் தொல்லை இன்னும் கூடும். ஆறு கருவிகளை வரிசையாகக் கோத்தால் ஏழு வடங்கள், பதினான்கு முனைகள். ஆம்ப் மட்டும் என்றால் ஒரு வடம், இரண்டு முனைகள். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும் இந்த ஊரில் ஒவ்வொரு முனையும் துருப்பிடிக்கக் காத்திருக்கிறது. பதினான்கில் எது கெட்டது என்று பாட்டின் நடுவே தேட முடியாது.

அடுத்து ஆர்ப்பு. இதற்கு ரேக்கும் வேண்டாம், ஆம்பும் வேண்டாம். நம் சபாக்களின் மேடையே போதும். மிருதங்கக்காரர் தம் எதிரிலுள்ள ஒலிபெருக்கியைக் கூட்டச் சொல்வார். வயலின் தம்முடையதைக் கூட்டச் சொல்லும். பாடுபவர் தம் குரல் தமக்கே கேட்கவில்லை என்பார். சிறிது நேரத்தில் எல்லோரும் உரக்க ஒலிப்பார்கள், எவரும் எவரையும் கேட்கமாட்டார்கள். லஸ் பகுதியில் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஒலிவாங்கி இல்லாமலே இளையவர்கள் கச்சேரி செய்து, சுற்றி அமர்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒலி குறைந்தால் காது தானே முன்வந்து உட்காரும் என்பதற்கு அதுவே சான்று.

நான்காவதான அதிர்வில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆம்பை அதன் தாங்குதிறனுக்கு மேல் ஓட்டினால் ஒலி சிதறும். நம் முன்னோர் குற்றமென்று விலக்கிய அதனை, 1960களில் மேற்கத்திய ராக் இசைக்கலைஞர்கள் அணியாக்கிக்கொண்டார்கள். தவறென்று நான் சொல்லமாட்டேன். ஸட்ஜமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தில் நிற்பவை. சிதறலில் அவை இரண்டும் கலந்து பிறப்பிக்கும் மூன்றாவது ஒலி, ஸட்ஜத்திற்குக் கீழ் ஸ்தாயியிலேயே வந்து விழுகிறது. அடித்தளம் போட்டது போல இருக்கும். அதனால்தான் அவர்கள் ஸ-ப இரண்டையும் சேர்த்து மீட்டுகிறார்கள். அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் அந்தச் சுத்தம் போய்விடுகிறது. ஏனெனில் கிதாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து அமைக்கப்பட்டவை. அங்கே காந்தாரம் இயற்கையான இடத்திலிருந்து சற்றே விலகியிருக்கிறது. அவர்களுடைய இசை அந்தச் சிதறலை அறிந்து தன்னை அமைத்துக்கொண்டது. நம் இசையை அதற்குள் அப்படியே தூக்கிப் போட்டால் சிதறல் மட்டுமே மிஞ்சும்.

எஞ்சியிருப்பது கூடம், மழுங்கல். என் பேச்சின் மையம் இதுதான்.

தோடி ராகத்தின் காந்தாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமும் மத்யமத்தின் பக்கமும் அசைந்து, அந்த அசைவே காந்தாரம் என்று நம் காது ஏற்கிறது. இப்போது அரை நொடிக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் எதிரொலி தரும் கருவியை இடையில் வையுங்கள். விரல் மத்யமத்தைத் தொடும் நேரத்தில், சற்றுமுன் தொட்ட ரிஷபம் திரும்பி வந்து அதன் மேல் உட்காரும். மூன்று முறை திரும்பினால் மூன்று நிழல்கள். கேட்பவர் காதில் ராகம் இல்லை. ஒரு மேகம் இருக்கிறது. மேற்கத்திய இசையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஸ்வரம் அநேகமாக நிலையாக நின்று, திரும்பி வரும் எதிரொலியும் அதே ஸ்வரக்கூட்டின் உறுப்பாகவே பொருந்திவிடுகிறது. ஒரு கிதாரை இரண்டாகக் காட்டும் கோரஸ் என்னும் கருவியோ, ஸ்ருதியையே மெல்ல ஏற்றி இறக்கித்தான் அந்த மாயத்தைச் செய்கிறது. கமகம் செய்வதும் அதுவே. விரல் ஒரு பக்கம் அசைக்க, பெட்டி இன்னொரு பக்கம் அசைக்கும்.

கேட்பவருக்கு நேரும் இழப்பைவிடப் பெரிய இழப்பு வாசிப்பவனுக்கு. காந்தாரத்தை அவன் சரியாகத் தொட்டானா என்று எதிரொலிக்குள்ளே அவனுக்கே தெரியாது. தெரியாத பிழையைத் திருத்த முடியாது. ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி, மெல்ல மீட்டியதையும் வலிந்து மீட்டியதையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு மெல்ல மீட்டப் பழகவேண்டிய தேவையே அவனுக்குத் தோன்றாது. பதினேழு வயதில் கை வளைவது போல இருபத்தேழில் வளையாது. அந்தப் பத்தாண்டுகளைப் பெட்டிகளின் பின்னால் கழித்துவிட்டால் திரும்ப வராது. தந்தையின் பணத்தைவிட இந்த நஷ்டமே என்னைக் கவலைப்படுத்துகிறது.

அப்படியானால் மின்கருவியே நம் இசைக்கு ஆகாதா என்று கேட்பீர்கள். அதற்கு விடை மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லில் பிறந்து, ஒன்பது வயதில் அரங்கேறி, 1981இல் சென்னை மேடையில் சிறுவனாக அமர்ந்து, 2014இல் இதே ஊரில் மறைந்தவர். மாண்டலின் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக இழுத்துக் கட்டப்பட்ட கருவி. ஜோடிக் கம்பிகளை ஒருசேர இழுத்து அசைத்தால் இரண்டும் ஒரே அளவில் அசைவதில்லை, ஸ்ருதி பிளக்கும். மீட்டிய ஒலியும் சட்டென்று மடிந்துவிடும். ஒரு மீட்டில் நீண்ட கமகம் எடுக்க மூச்சு போதாது. அவர் ஜோடிகளை விலக்கி, ஒற்றைக் கம்பிகள் ஐந்தாக்கி, மின்மாண்டலினைக் கைக்கொண்டார். மடியும் ஒலியின் வாலைப் பெருக்கி எடுத்துத் தந்தது மின்சாரம். அந்த வாலின் மேல் கமகத்தை வரைந்தன விரல்கள். இசைக்கு எது குறைவு என்று அறிந்து, அந்தக் குறைக்கு மட்டும் மருந்து தேடிய செயல் அது.

மேற்கிலிருந்து இங்கே வந்தவரும் இதே பாடத்தைத்தான் காட்டுகிறார். ஜான் மெக்லாஃப்லின் 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் பெரும் ஆம்ப்களோடு முழங்கியவர். எல். சங்கரும் விக்கு விநாயகராமும் ஜாகிர் உசேனும் சேர்ந்த சக்தி குழுவுக்கு வந்தபோது அவர் மரக்கிதாருக்குத் திரும்பினார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, கம்பியை ஆழ இழுக்க இடம் செய்து, வீணைக்குரிய அசைவை அதில் தேடினார். குறுக்கே அனுசுருதிக் கம்பிகளையும் கட்டச் செய்தார். அவர் மாற்றியது கைபடும் இடத்தை. அடையாற்றுப் பக்கம் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் சென்ற பிரசன்னா, மின்கிதாரிலேயே கீர்த்தனைகளை வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டுப் பாருங்கள், முன்னே நிற்பவை விரல்களே.

ரேக்குக்கு எதிராக மட்டும் பேசினால் நியாயமாகாது. அதற்கு உரிய இடம் உண்டு. அது ஒலிப்பதிவுக் கூடம். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளரானார். தாமே கிதார் வாசிப்பவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கிதாரைத் தமிழ்த் திரையிசையின் அன்றாட மொழியாக்கினார்கள். 1992இல் 'ரோஜா' வந்தபின், ஒலியின் நிறமே மெட்டின் பகுதி என்பது நம் வீடுகள் வரை வந்து சேர்ந்தது. அங்கே ஒரே கிதார் காலையில் காட்டாறாகவும் மாலையில் பனித்துளியாகவும் ஒலிக்கவேண்டும். அறை குளிர்ந்திருக்கும், கருவிகள் இடம் பெயரா, பிழைபட்டால் மறுமுறை பதியலாம். ரேக் அங்கே உழைப்பாளி.

ஸ்ரீநிவாஸே 1995இல் மைக்கேல் புரூக்குடன் 'ட்ரீம்' என்னும் இசைத்தொகுப்பைத் தந்தார். அதில் நீண்டு மிதக்கும் மின்னொலிகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவை கச்சேரியின் மேல் பூசப்பட்டவை அல்ல. அந்த ஒலிகளை முன்வைத்தே அந்த இசை கட்டப்பட்டது. சபா மேடையில் ஒருவிதமாகவும் கூடத்தில் வேறுவிதமாகவும் அவரால் இருக்க முடிந்தது, விரல் முதலில் தேறியிருந்ததால்.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? ஒரே மாலையில் முப்பது பாட்டுகள். ஒவ்வொன்றிலும் கிதார் வேறு வேறு வேடம். உண்மைதான். ஆனால் அந்த முப்பதையும் எண்ணிப் பார்த்தால் தேவைப்படும் நிறங்கள் மூன்று அல்லது நான்குக்குள் அடங்கிவிடும். அதற்கு ஆம்பும் காலால் மிதிக்கும் மூன்று பெடல்களும் போதும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வாணி மகாலுக்கும் போகலாம், அடையாற்றுக்கும் போகலாம்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் பதினைந்திலிருந்து முப்பது வாட் வரையுள்ள, ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட எளிய ஆம்ப் ஒன்று வாங்கு. வீட்டுக்கு அது தாராளம். அரங்கில் அதன் முன் ஒலிவாங்கியை வைத்துவிட்டால் மிச்சத்தை அரங்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவதாகச் சுருதி சேர்க்கும் கருவி. ஓராண்டு அதிலேயே வாசி. அதற்குப் பிறகு வேறொன்று வாங்கத் தோன்றினால், "எந்தப் பாட்டின் எந்த இடத்துக்கு?" என்று உன்னையே கேட்டுக்கொள். பாட்டின் பெயரையும் இடத்தையும் சொல்ல முடிந்தால் தயங்காமல் வாங்கு. சொல்ல முடியாவிட்டால், வாங்கப்போவது ஒலியன்று, நம்பிக்கை; அது கடையில் கிடைப்பதில்லை.

"இப்போதுதான் எல்லாம் ஒரே பலகையில் மலிவாகக் கிடைக்கிறதே" என்று சிலர் வாதிடுகிறார்கள். விலையும் எடையும் குறைந்தது நன்மையே. ஆனால் அதில் நூற்றுக்கணக்கான ஒலிகளை முன்கூட்டியே அடைத்துத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதிலேயே சாயங்காலம் போய்விடுகிறது. சாதகம் செய்திருக்கவேண்டிய சாயங்காலம் அது. கானல்வரியில் யாழை மீட்டும் முறைகளை எட்டாக வகுத்துப் பெயர் சொல்கிறார் இளங்கோவடிகள். பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று தொடங்கும் அந்த எட்டும் கையின் செயல்கள். ஆராய்தலும் தைவரலும் பலகைக்குள் அடைத்து விற்கப்படுவதில்லை.

அன்பர்களே, இதுவரை சொன்னது கிதாரைப் பற்றி. உங்கள் தொழிலுக்கும் இது அந்நியமன்று என்று எண்ணுகிறேன். தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தைச் சொல்லும்போது முதலில் வைப்பது தன்மையணியை. ஒரு பொருளை அதன் இயல்பு விளங்கும்படி உள்ளவாறு சொல்வதே அது. உவமையும் உருவகமும் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. அணி வேண்டாம் என்று தண்டியாசிரியர் சொல்லவில்லை. அணிகளை வகுக்கவே நூல் செய்தார். எனினும் வரிசையில் முதலிடம் இயல்புக்குத் தந்தார். ஆம்ப் முதலில், ரேக் பிறகு என்று நான் சொல்லுவதும் அந்த வரிசையைத்தான்.

ஒலிபெருக்கியும் விளம்பரமும் மிகுந்த ஒரு நகரத்தில், பத்தாண்டுகளாக நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, இந்த வட்டம் நடந்து வந்திருக்கிறது. படிப்பவர் குரலுக்கும் கேட்பவர் காதுக்கும் இடையே நீங்கள் அதிகம் எதையும் வைத்ததில்லை. அது தொடரவேண்டும் என்று வாழ்த்துகிறேன்.